எஞ்சிய செலவுக்கோர் உபகாரச் சம்பளம்

உபகாரச் சம்பளம் பல வகைப்படும். பிற உதவிகள் யாவும் போக எஞ்சிய தொகையை மட்டும் அளிக்கும் வகையை இங்கு ஆராய்வோம்.

அமெரிக்காவில் டென்னஸி மாகாணம் 2014-ஆம் ஆண்டில் சட்டமாக்கிய ‘டென்னஸி பிராமிஸ்’ இவ்வகையினது. 2015 முதல், ஈராண்டுக் கல்லூரிகளிற் சேரும் மாணாக்கரது கட்டணத்தில், மத்திய அரசாங்கத்தாரின் ‘பெல்’ உதவி முதலியவற்றைக் கழித்து, மிகுதியை இந்நிதி செலுத்தி வருகின்றது. மாணாக்கரோ பருவந்தோறும் 8 மணி நேரம் பொதுத் தொண்டு புரிதல் வேண்டும்.

இம்முறையால் சிறு நிதியும் பலருக்குப் பயன்படும். கட்டணம் இல்லையென்னும் உறுதி, கல்லூரியைக் கனவிலும் கருதாத குடும்பத்தார்க்குத் துணிவளிக்கும்.

ஆயினும் ஒரு குறையுண்டு. மிக வறியோரது கட்டணம் ‘பெல்’ உதவியாலேயே தீர்ந்துவிடுமாதலின், இந்நிதியினின்று அவர்க்கு ஒரு காசும் கிட்டாது. ஓரளவு வசதியுடையோரே மிகுதியும் பெறுவர். புத்தகம், உணவு, வழிச்செலவு ஆகியவற்றையோ இந்நிதி ஏற்பதில்லை. வறிய மாணாக்கர் இடறுமிடம் அதுவன்றோ? இதனையுணர்ந்தே போலும், 2016-இல் தொடங்கிய ‘ஆரிகன் பிராமிஸ்’, கட்டணம் முன்னரே தீர்ந்தோர்க்கும் ஆண்டுக்கு 1,000 டாலர் கிடைக்க வழிசெய்தது.

ஆதலால், நிதி நிறுவக் கருதும் பழைய மாணாக்கர் கட்டணச் சீட்டோடு நில்லாது, விடுதியின் உணவுக் கணக்கையும் நோக்கவேண்டுமென்பதே நாம் விழைவது. எஞ்சிய செலவு பெரும்பாலும் அங்கேதான் எஞ்சுகின்றது.