ஓசையின்றி வளரும் புடைப்பு



சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலை வேளை. திருப்பலிக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்தேன். கோட்டூர்புரம் வீட்டுவசதி வாரியக் குடியிருப்பிலிருந்து ஓர் இளைஞன் தொலைபேசியில் அழைத்தான். "சாமி, அம்மாவுக்குத் திடீரென்று தாங்க முடியாத தலைவலி. வாந்தியும் எடுத்துவிட்டார்கள். நீங்கள் வந்து செபித்தால் நன்றாயிருக்கும்" என்றான். "தைலம் தடவிப் படுக்க வை. பூசை முடிந்ததும் வருகிறேன்" என்றேன்.

ஒன்றரை மணி நேரம் கழித்து நான் சென்றபோது அத்தாய் நினைவிழந்திருந்தார். மூளையின் இரத்தக் குழாயிலிருந்த புடைப்பொன்று வெடித்துவிட்டதென மருத்துவமனையில் கூறினர். மூன்றாம் நாள் அவர் இறைவனடி சேர்ந்தார். உடனே கொண்டு சென்றிருந்தால் பிழைத்திருப்பாரா என்பதை இறைவன் ஒருவரே அறிவார். ஆயினும் நான் சொன்ன அச்சொல் இன்றும் என் நெஞ்சில் முள்ளாய் உறுத்துகின்றது. நான் மருத்துவம் கற்றவனல்லேன். அன்றுமுதல் மருத்துவர்களை வினவியும் நூல்களைப் பயின்றும் அறிந்ததை, மற்றொரு வீட்டில் அத்தாமதம் நேராதிருக்கவேண்டி, இங்கு எழுதுகிறேன்.

புடைப்பு என்பது யாது?

நம் மூளையின் அடிப்பகுதியில் தமனிகள் ஒன்றோடொன்று இணைந்து ஒரு வளையமாக அமைந்துள்ளன. 1664ஆம் ஆண்டில் அதனை விளக்கி எழுதிய தாமஸ் வில்லிஸ் எனும் ஆங்கில மருத்துவரின் பெயரால் அது வில்லிஸ் வளையம் என வழங்குகின்றது. இவ்வளையத்தில் தமனிகள் கிளை பிரியும் இடங்களிலேதான் பெரும்பாலும் புடைப்புகள் தோன்றுகின்றன. மருத்துவர்கள் இதனை 'அனியூரிசம்' என்பர். சிறு கனி காம்பில் தொங்குவதுபோல், குழாயின் சுவர் ஓரிடத்தில் மட்டும் வெளியே பிதுங்கி நிற்கும்.

2015 டிசம்பர் வெள்ளத்தைக் கோட்டூர்புரத்து மக்கள் எளிதில் மறவார். ஆறு நேரே ஓடுமிடத்தில் கரைக்குத் துன்பம் குறைவு. அது வளையுமிடத்திலும் பிரியுமிடத்திலுமே நீர் மோதிக் கரையை அரிக்கின்றது. தமனியின் கவையிலும் இதுவே நிகழ்கின்றது. ஒவ்வொரு நெஞ்சத் துடிப்பிலும் இரத்தம் அவ்விடத்தில் மோதுகின்றது. மூளைத் தமனிகளின் சுவரோ உடலின் பிற தமனிகளின் சுவரைவிட மெல்லியது. அதற்கு வலிமை தரும் மீள்தன்மையுள்ள உட்படலம் நாளடைவில் நைந்து கிழிகின்றது. தசை உயிரணுக்கள் அழிகின்றன. அங்கு அழற்சி உண்டாகி, சுவரைத் தாங்கும் நார்ப்பொருள் கரைகின்றது. இவ்வாறு நலிந்த இடமே பிதுங்குகின்றது. ஆகவே பெரும்பாலோர்க்கு இது பிறவியில் வருவதன்று, வாழ்நாளில் உண்டாவது.

ஏன் வளர்கின்றது?

உடல் வாளாவிருப்பதில்லை. அரித்த இடத்தில் புதிய நாரை இட்டுச் செப்பனிட முயல்கின்றது. செப்பனிடுதலும் சிதைவும் சமமாயிருக்கும்வரை புடைப்பு ஆண்டுக்கணக்கில் மாறாதிருக்கலாம். சிதைவு மிகும்போது வளர்கின்றது. ஊதும் பலூனில் முன்பே பருத்த பகுதி எளிதில் மேலும் பருப்பதுபோல், புடைப்பு பெரிதாகப் பெரிதாக, அதே அழுத்தத்திலும் அதன் சுவர் தாங்கவேண்டிய இழுவிசை கூடுகின்றது. வளர்ந்துவரும் புடைப்பே வெடிக்கும் அபாயம் மிக்கது.

புகைப்பழக்கமும் கட்டுப்படாத இரத்தக் கொதிப்பும் இச்சிதைவைத் தூண்டுவன. ஆண்களைவிடப் பெண்களுக்கே இது மிகுதி. சிறுநீரகங்களில் நீர்க்கட்டிகள் பெருகும் பரம்பரை நோயுள்ளவர்க்கும் அபாயம் உண்டு. ஒரே குடும்பத்தில் பெற்றோர், உடன்பிறந்தோர், மக்கள் ஆகியோருள் இருவர்க்கு இது கண்டிருந்தால், ஏனையோர் மருத்துவரிடம் ஆலோசித்து ஸ்கேன் செய்துகொள்ளுதல் நன்று.

இதைப் படித்து எவரும் கலங்கவேண்டாம். வளர்ந்தவர்களுள் 100க்கு ஏறத்தாழ 3 பேரிடம் இத்தகைய புடைப்பு உண்டு. அவற்றுள் பெரும்பாலானவை வெடிப்பதேயில்லை. சிறியவற்றை மருத்துவர்கள் அவ்வப்போது படமெடுத்துக் கண்காணிப்பதோடு நிறுத்திக்கொள்வதும் உண்டு.

மருத்துவத்தின் வழி

1927இல் போர்த்துக்கீசிய மருத்துவர் எகாஸ் மோனிஸ் மூளைத் தமனிகளை எக்ஸ்ரே படத்தில் காணும் முறையைக் கண்டார். 1937இல் அமெரிக்காவில் வால்டர் டாண்டி புடைப்பின் கழுத்தில் உலோகக் கவ்வி பொருத்தி இரத்தம் புகாமற் செய்தார். 1990களிலிருந்து, தொடைத் தமனி வழியே மெல்லிய குழாயைச் செலுத்திப் புடைப்பினுள் உலோகச் சுருளை நிரப்பும் முறையும் பரவியுள்ளது.

நம் நாட்டில் 1949இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் ஜேக்கப் சாண்டி நரம்பறுவை மருத்துவத் துறையைத் தொடங்கினார். 1950இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் டாக்டர் பா. ராமமூர்த்தி அப்பணியை ஆரம்பித்தார். பிற்காலத்தில் அவர் உழைத்த அடையாறு வி.எச்.எஸ். மருத்துவமனை கோட்டூர்புரத்திற்குத் தொலைவன்று. உதவி அருகிலேயே உள்ளது. நாமோ வீட்டில் தைலம் தேடுகிறோம்.

மறவாதிருக்கவேண்டியது

வாழ்நாளில் கண்டிராத கடுந்தலைவலி இடி விழுந்தாற்போல் ஒரு கணத்தில் தோன்றுமாயின், அதனுடன் வாந்தி, கழுத்து விறைப்பு, வலிப்பு, மயக்கம் இவற்றுள் எது சேரினும், ஏன், தலைவலி மட்டுமே வரினும், நொடியும் தாமதியாமல் 108ஐ அழையுங்கள். திடீரென ஒரு கண்ணிமை சரிதலும், பொருள் இரண்டாய்த் தெரிதலும் எச்சரிக்கையே. ஒருமுறை கசிந்த புடைப்பு முதல் 24 மணி நேரத்திலேயே மீண்டும் வெடிக்கும் அபாயம் மிகுதி. வலி சற்றுத் தணிந்ததென்று வீட்டில் வைத்திருத்தல் தகாது.

அத்தாயின் இளைய மகள் அடக்கத்தன்று என்னிடம், "சாமி, நாங்கள் என்ன பாவம் செய்தோம்?" என்றாள். "ஒரு பாவமும் இல்லை, மகளே" என்றேன். நோய் இறைவனின் தண்டனையன்று. மருத்துவனையும் மருந்தையும் படைத்தவர் ஆண்டவரே என்றும், நோயுற்றவன் செபிக்கவும் வேண்டும், மருத்துவனுக்கு இடமளிக்கவும் வேண்டும் என்றும் சீராக் ஆகமம் 38ஆம் அதிகாரம் கற்பிக்கின்றது. இரண்டில் ஒன்றை விடுத்து மற்றொன்றைக் கொள்வது விசுவாசமாகாது.

நோயிற்பூசுதல் சாகுந்தருவாய்க்கு மட்டுமே உரியதன்று; கடும் நோயுற்ற எவர்க்கும், பெரிய அறுவைச் சிகிச்சைக்கு முன்னும் உரிய திருவருட்சாதனம். ஆகவே குருவை அழையுங்கள். ஆனால் ஆம்புலன்சை அழைத்தபின் அழையுங்கள். மருத்துவமனை வாயிலிலேயே வந்து பூசுகிறேன். இனி எந்த வீட்டிற்கும், "பூசை முடிந்ததும் வருகிறேன்" என்று சொல்லமாட்டேன். "முதலில் மருத்துவமனைக்குப் புறப்படுங்கள்" என்பதே என் விடையாயிருக்கும்.