லொறி நிற்கும் நாளை நாமே தீர்மானிப்போம்

"ஓடிக்கொண்டிருக்கிற லொறியை எதற்காகக் கராஜுக்கு அனுப்ப வேண்டும்?" கொட்டாஞ்சேனையிலும் புறக்கோட்டையிலும் இரண்டு மூன்று லொறி வைத்துத் தொழில் செய்யும் நண்பர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. எந்த லொறியும் ஒருநாள் நிற்கத்தான் போகிறது. அந்த நாளையும் இடத்தையும் நாம் தீர்மானிப்பதா, லொறி தீர்மானிப்பதா என்பதுதான் விடயம்.

தம்புள்ளையிலிருந்து மரக்கறி ஏற்றி வரும்போது நடுவழியில் ரேடியேட்டர் ஹோஸ் வெடித்தது என்று வையுங்கள். ஹோஸின் விலை சொற்பம். இழுத்துவரும் கூலி, மாற்று லொறியின் ஹயர், வாடிப்போன சரக்கு, விடியுமுன் பொருள் வராததால் அடுத்த கடைக்குப் போய்விட்ட வாடிக்கையாளர் என்று மற்றதையும் கூட்டிப் பாருங்கள். இவை கராஜ் பில்லில் வராது. அதனால் நம்மவர்கள் சேர்விஸைச் செலவென்றும் பழுதைத் தலைவிதி என்றும் நினைத்துவிடுகிறார்கள்.

இதற்கு நம் நாடே ஒரு பாடம் படித்தது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, 2025 பெப்ரவரியில்தான் பரவலாகத் திறந்துவிடப்பட்டது. இடையில் 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர், சில வாரங்களிலேயே 300 ரூபாவைத் தாண்டியது. பஞ்சிகாவத்தையில் உதிரிப்பாகம் வாங்கப் போனவர்களுக்கு அந்த நாட்கள் மறந்திருக்காது. பழையதைக் கொடுத்துப் புதியது எடுக்கும் வழி அடைபட்டிருந்த ஐந்து வருடங்களில், இருந்த லொறியை ஒழுங்காகப் பார்த்துக்கொண்டவர்களுக்கே கை கொஞ்சம் ஓங்கியிருந்தது.

கொழும்பு லொறிக்குக் கிலோமீற்றர் கணக்கு மட்டும் போதாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைக்குப் பத்துக் கிலோமீற்றர் அளவுதான். ஆனால் நெரிசலில் என்ஜின் எவ்வளவு நேரம் நின்றபடி ஓடுகிறது? மீற்றர் ஏறாது, ஒயில் மட்டும் கெடும். இப்படி நின்று நின்று ஓடும் வாகனத்துக்கு ஒயிலையும் பில்டரையும் முந்தி மாற்ற வேண்டுமென்று கம்பனியின் கையேடுகளே சொல்கின்றன. ஆகவே கிலோமீற்றருடன் மாதக் கணக்கும் வையுங்கள். எது முதலில் வருகிறதோ அன்று சேர்விஸ். மரைன் ட்ரைவ் பக்கம் இரவில் நிறுத்துகிறவர்களுக்கு இன்னொன்று: கடற்காற்றின் உப்பு, அடியிலுள்ள பிரேக் குழாய்களைத்தான் முதலில் தின்னும். மேலே பெயின்ற் பளபளப்பதைப் பார்த்து ஏமாறக் கூடாது.

பிரேக் விடயத்தில் சிக்கனமே கூடாது. கடுகண்ணாவை இறக்கத்தில் பாரத்தோடு இறங்கும் லொறியின் பிரேக்கைத் தொடர்ந்து மிதித்தால் லைனிங் சூடேறிப் பிடிப்பை இழக்கும். சிறிய லொறிகளின் பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. ஈரமேறிய ஒயில் அந்தச் சூட்டில் கொதித்து ஆவியானால் பெடல் தரைக்குப் போய்விடும். குறையாமல் இருக்கிறதே என்று வருடக்கணக்கில் அதே ஒயிலை விட்டுவைப்பது ஆபத்து. காற்று பிரேக் உள்ள பெரிய லொறி என்றால், டேங்கில் சேரும் தண்ணீரைச் சாரதி தினமும் திறந்துவிட வேண்டும். ஒரு நிமிட வேலை, செய்கிறவர்தான் குறைவு. பின்பக்க இரட்டைச் சில்லில் உள்டயரை யாரும் பார்ப்பதில்லை. அதில் காற்றுக் குறைந்தால் முழுப் பாரமும் வெளிடயருக்கு ஏறி, இரண்டும் சேர்ந்து கெடும்.

வெள்ளத்தில் இறங்கிய லொறியைக் கழுவி வெயிலில் விட்டால் போதாது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியோடு களனி கங்கை பெருகியபோது எத்தனை வாகனங்கள் தண்ணீரில் நின்றன! டிபரென்ஷல் ஒயில் பால்போல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது என்று அர்த்தம். அதை உடனே மாற்றி, வீல் பேரிங்குக்கும் புதுக் கிறீஸ் வைக்க வேண்டும்.

இதற்குக் கம்பியூட்டர் தேவையில்லை. லொறிக்கு ஒரு சீ.ஆர். கொப்பி போதும். திகதி, மீற்றர், என்ன செய்தது, எவ்வளவு செலவு, அவ்வளவுதான். ஆறு மாதம் எழுதினால் எந்த லொறி உங்களைத் தின்கிறது, எதை விற்கலாம் என்பது தெரிந்துவிடும். வருடாந்த வருமான அனுமதிப் பத்திரத்துக்கான புகைப் பரிசோதனையும் தகுதிச் சான்றிதழும் வருடத்தில் ஒருநாள் நிலையைத்தான் காட்டும். மிச்ச 364 நாட்களுக்கு இந்தக் கொப்பிதான் சாட்சி.

கொப்பி உண்மை பேச வேண்டுமென்றால் சாரதியைப் பேச விட வேண்டும். கிளச் வழுக்குகிறது, ஸ்டியரிங் ஒருபக்கம் இழுக்கிறது என்பது முதலாளிக்கு முன்பே அவருக்குத் தெரியும். சொன்னால் ஏச்சு, பழுதுக் காசைச் சம்பளத்தில் பிடிப்பது என்றிருந்தால் அவர் வாயைத் திறக்கமாட்டார். நேரத்தோடு சொன்னவருக்கு நூறோ இருநூறோ கொடுத்துப் பாருங்கள்.

நேரமில்லை என்பவர்களுக்கு ஒரு யோசனை. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்காகப் பெரும்பாலான நம் லொறிகள் எப்படியும் நிற்கின்றன. தொழுகைக்குப் போகுமுன் அரைமணி நேரம் ஒதுக்கி டயர், பெல்ட், ஹோஸ், பிரேக், விளக்கு ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். பெரிய வேலைகளை ஷஃபான் பிறக்குமுன் முடித்துவிடுங்கள். அதற்குப் பிறகு பேரீச்சம்பழமும் அரிசியும் சீனியுமாக நோன்புச் சரக்கு ஏறத் தொடங்கிவிடும், கராஜிலும் இடம் கிடைக்காது.