தகவல் துளி: புகையின் வெப்பத்தை மீட்கும் செதில் குழாய்கள்

எரிவாயு டர்பைனைச் சுழற்றிவிட்டு வெளியேறும் புகை, அப்போதும் ஏறத்தாழ 500 முதல் 600 டிகிரி செல்சியஸ் வெப்பத்துடன் இருப்பதால், அதைக் கொண்டு நீரை ஆவியாக்கி இன்னொரு டர்பைனை இயக்குவது கூட்டுச் சுழற்சி முறை எனப்படுகிறது. தனித்து இயங்கும் டர்பைன் எரிபொருள் ஆற்றலில் சுமார் 40 விழுக்காட்டையே மின்சாரமாக்க, இம்முறையோ 60 விழுக்காட்டை எட்டுகிறது. இதற்கான வெப்ப மீட்புக் கொதிகலன்களைத் திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவெறும்பூரில் உள்ள பாரத மிகுமின் நிறுவனம் உருவாக்குகிறது.

குழாயினுள் ஓடும் நீர் வெப்பத்தை விரைந்து ஏற்க, வெளியே பாயும் புகை அதனை மெதுவாகவே தருகிறது என்பதே இங்குள்ள உண்மையான சிக்கல். ஆகவே மெல்லிய எஃகுப் பட்டையைத் திருகுமரை போலக் குழாயின்மேல் சுற்றிப் பற்றவைத்து, புகை தொடும் பரப்பைப் பல மடங்கு பெருக்குகின்றனர். இதுவே செதில் குழாய் ஆகும். இப்பற்றவைப்புக்குப் பயன்படும் உயர் அதிர்வெண் மின்னோட்டம் உலோகத்தின் மேற்பரப்பை ஒட்டியே பாயும் இயல்புடையதால், பட்டையின் விளிம்பும் குழாயின் மேற்பரப்பும் மட்டும் நொடிப்பொழுதில் சூடேறி, நிரப்பு உலோகம் ஏதுமின்றி அழுத்தத்தாலேயே இணைந்துவிடுகின்றன. இணைப்பில் சிறு இடைவெளி விழுந்தாலும் அங்கே வெப்பம் தடைபடும் என்பதால், செதிலின் வடிவத்தைக் காட்டிலும் பற்றவைப்பின் தரமே முதன்மையானது எனலாம்.

பற்றவைப்புத் திறனைக் கொண்டே திருச்சி வட்டாரத் தொழிற்கூடங்கள், வளைத்த எஃகுத் தகடுகளை இணைத்துக் காற்றாலைக் கோபுரங்களையும் செய்துவந்துள்ளன.