மஞ்சளும் கருங்கல்லும்

(கருமத்தம்பட்டியிலிருந்து கடல் கடந்து – 6)

ஹொனலூலுவில் இரண்டு நாள் தங்கி, அந்நகரத்துக் கடற்கரையில் மனிதத் தலைகளைத் தவிர வேறொன்றையும் காணாமல் சலித்துப்போன விருத்தாந்தத்தைச் சென்ற வாரம் எழுதியிருந்தேன். அங்கிருந்து அரைமணிக்குச் சற்று மேற்பட்ட ஆகாய யாத்திரைக்குப் பின் கவாய் தீவின் லிஹூயே விமான நிலையத்தில் நானும் என் மனைவியும் இறங்கியபோது, எங்களை எதிர்கொண்டவர் படங்களில் வருவதுபோல் மலர்மாலை ஏந்திய மங்கையர் அல்லர். செம்பொன் கழுத்தும் கரும்பச்சை வாலுமாக வாகனங்களின் நடுவே நெஞ்சை நிமிர்த்தி நின்று கூவிய ஒரு சேவல்தான். அதற்குப் பின்னால் குஞ்சுகளோடு ஒரு பெட்டைக்கோழி, அதற்கும் பின்னால் வேறொரு குடும்பம்.

“ஏனுங்க, இதுகளுக்கெல்லாம் சொந்தக்காரங்களே இல்லீங்களா?” என்றாள் மனைவி.

இல்லை என்பதே பதில். பசிபிக் சமுத்திரத்தை இரட்டைத் தோணிகளில் கடந்து வந்த பாலினீசிய ஜனங்கள் கூடவே கொணர்ந்த காட்டுக்கோழியின் வம்சமும், 1992 செப்டம்பர் 11-ஆம் தேதி ‘இனிகி’ என்னும் பெரும்புயல் கூண்டுகளைச் சிதைத்தபோது தப்பியோடிய வீட்டுக்கோழிகளின் வம்சமும் கலந்து பெருகிய கூட்டம் இது. மற்றத் தீவுகள் பலவற்றில் கரும்புத் தோட்டத்து எலிகளை ஒழிக்கவென்று இறக்கிவிட்ட கீரிகள் கோழி முட்டைகளையும் சேர்த்தே ஒழித்துக்கொண்டிருக்க, கவாயில் கீரி வேரூன்றாமல் போனது இக்கோழிகளின் பாக்கியம். “நம்மூரா இருந்தா ஞாயித்துக்கெழமை தாண்டாதுங்க” என்று அவள் சொன்னதை நான் மறுக்கவில்லை.

எங்கள் மணிவிழாவுக்கு மகள் அளித்த பரிசு இந்த நான்கு நாள் வாசம். தென்னை உயரத்துக்கு மேல் கட்டடம் எழும்பக் கூடாது என்பதை அத்தீவார் ஒரு விரதம்போல் சொல்லிக்கொள்கிறார்கள். ஆகையால் எங்கள் விடுதியின் மாடத்திலிருந்து ஒரு பக்கம் கடலும், மறுபக்கம் மேகத்துக்குள் முகம் புதைத்த வையலியலி மலையும் தடையின்றித் தெரிந்தன. உலகத்தில் மிகுந்த மழை பெய்யும் இடங்களுள் அம்மலையும் ஒன்று. அதன் உச்சியில் ஆண்டுக்குச் சுமார் 400 அங்குலம் பொழிகிறதாம். 25 அங்குலம் பெய்துவிட்டால் நல்ல வருஷம் என்று திருப்திப்படும் எங்கள் சோளக்காட்டு மனத்துக்கு அந்தக் கணக்குச் சற்றே அநியாயமாகத்தான் பட்டது.

இரண்டாம் நாள் உழவர்கள் கூடும் சந்தைக்குப் போனோம். அறியாத தேசத்தின் அறியாத பொருள்களைப் பார்க்கப்போகிறோம் என்று நான் எண்ணிச் சென்றேன். என் மனைவியோ முதல் கடையிலேயே நின்றுவிட்டாள். சேப்பங்கிழங்கு! இலையைக் கண்டவுடனேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஹவாய் மக்கள் அதனைக் கலோ என்கிறார்கள். வேகவைத்து, இடித்து, நீர்விட்டுக் குழைத்து, ஓரிரு நாள் புளிக்கவிட்டு அவர்கள் உண்ணும் ‘பொய்’ என்னும் கூழ், சாம்பல் கலந்த ஊதா நிறத்தில் ஒரு கிண்ணத்தில் இருந்தது. நம் பக்கத்துப் புளித்த கம்பங்கூழுக்கு அது தூரத்து உறவு என்று சொல்லலாம். மோரும் சின்ன வெங்காயமும் மோர்மிளகாயும் இல்லாத உறவு. அடுத்த கடையில் ஈரப்பலா. அதற்கடுத்த கடையில், மண் கழுவிக் குவித்த பச்சை மஞ்சள். ஒரு விரலியை ஒடித்து முகர்ந்தவள் கண்ணை மூடிக்கொண்டு, “ஈரோட்டு மஞ்ச மண்டிக்குள்ள நிக்கறாப்பலயே இருக்குதுங்க” என்றாள். ஒடித்த வாயிலிருந்த ஆரஞ்சு நிறம் அவளுடைய பெருவிரல் நகக்கண்ணில் ஏறி, அன்று முழுவதும் போகவில்லை. கடைக்காரப் பெண்மணி அதன் பெயர் ‘ஓலெனா’ என்று இரண்டு முறை சொல்லிக் கொடுத்தாள்.

இவையெல்லாம் கப்பல் வியாபாரிகள் நேற்று கொண்டுவந்தவையல்ல. 1778 ஜனவரியில் காப்டன் குக் இத்தீவின் வைமியா கரையில் முதன்முதல் கால்வைப்பதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே, திசைகாட்டும் கருவியேதுமின்றி நட்சத்திரங்களையும் அலைகளையும் பறவைகளையும் பார்த்து, 2,000 மைலுக்கு மேல் கடலைக் கடந்து வந்த ஜனங்கள், தோணியில் எள்ளளவும் இடமில்லாத நிலையிலும் இது இல்லாமல் வாழ முடியாது என்று தேர்ந்தெடுத்து ஏற்றிக்கொண்டவை. சேம்பு, வாழை, தென்னை, நுணா, மஞ்சள், கூடவே கரும்பு.

கரும்பின் கதையில் எனக்கு ஒரு தனிச் சந்தோஷம் கிடைத்தது. ஹவாய் பாஷையில் கரும்புக்குப் பெயர் ‘கோ’. கோயம்புத்தூரில் 1912-இல் ஏற்பட்ட கரும்பு ஆராய்ச்சி நிலையத்தார், வெள்ளை என்னும் ஆலைக்கரும்பையும் நாணலையும் இணைத்து 1918-இல் வெளியிட்ட ரகத்துக்குக் ‘கோ 205’ என்று பெயரிட்டதும், இன்றுவரை நம் குடியானவர்கள் ‘கோ’ என்றே ரகங்களைக் குறிப்பதும் யாவரும் அறிந்ததே. ஊரின் முதலெழுத்தாக வந்த பெயர், உலகின் மறுகோடியில் கரும்பென்றே பொருள்படுவது வெறும் தற்செயல்தான். ஆயினும் அந்தத் தற்செயலை அன்றிரவு மூன்று தடவை மனைவியிடம் சொல்லி அவள் தூக்கத்தைக் கெடுத்தேன். 1835-இல் இத்தீவின் கொலோவாவில் தோட்டமாக வேரூன்றிய சர்க்கரைத் தொழில், 2016-இல் மௌயி தீவின் கடைசி ஆலையோடு ஹவாயிலிருந்தே மறைந்துவிட்டது.

மூன்றாம் நாள் வைலுவா நதிக்கரையிலுள்ள கவாய் ஆதீனத்துக்குச் சென்றோம். யாழ்ப்பாணத்துக் கொழும்புத்துறை யோகசுவாமிகளிடம் 1949-இல் தீட்சை பெற்ற கலிபோர்னியா இளைஞர் ஒருவர், சிவாய சுப்பிரமுனியசுவாமி என்னும் திருநாமத்தோடு 1970-இல் இங்கு வந்து நிறுவிய சைவ மடம் அது. 1973-இல் எழுந்த ‘கடவுள்’ கோயிலில், அன்றுமுதல் மூன்று மணி நேரத்துக்கு ஒருவராக முறைவைத்து இரவும் பகலும் ஒரு துறவி விழித்திருக்கிறார். நாங்கள் உள்ளே புகுந்த வேளையிலும், விபூதி தரித்த ஒரு வெள்ளைத் துறவி ஓரமாக அமர்ந்திருந்தார். எங்களை ஏறிட்டும் பார்க்கவில்லை.

அருகில்தான் ‘இறைவன்’ கோயில். கன்னியாகுமரியில் வள்ளுவருக்குச் சிலையெடுத்த கணபதி ஸ்தபதி வகுத்த திட்டப்படி, பெங்களூருக்கு அருகே ஒரு சிற்பிகள் கிராமத்தையே அமைத்து, 1990 முதல் இயந்திரம் தீண்டாமல் உளியாலேயே செதுக்கிய கருங்கற்களைக் கப்பலேற்றிக் கொணர்ந்து கூட்டி, 2023 மார்ச்சில் கும்பாபிஷேகம் செய்திருக்கிறார்கள். அஸ்திவாரத்தில் இரும்புக் கம்பியே கிடையாது. துருப்பிடித்தால் கான்கிரீட்டையே பிளக்கும் என்பதால் கம்பியைத் தவிர்த்து, சிமெண்டில் பெரும்பகுதிக்குப் பதிலாக நிலக்கரிச் சாம்பலைக் கலந்து, ஆயிரம் ஆண்டு நிற்கவேண்டும் என்ற கணக்கில் 1999-இல் வார்த்திருக்கிறார்கள். மூலஸ்தானத்தில் 700 பவுண்டு எடையுள்ள ஸ்படிக லிங்கம். சிங்கத்தின் வாய்க்குள் உருளும் கல்லுருண்டையும் கற்சங்கிலியும் பேரூர்க் கனகசபையைப் பார்த்துப் பழகிய எங்களுக்கு நூதனம் அல்ல. கிட்டப் போய்ப் பார்த்த கல்லின் மேனிதான் என்னை நிறுத்தியது: மெருகின் பளபளப்பில்லை; உளி பட்ட லட்சோபலட்சம் புள்ளிகள், விபூதி தூவினாற்போல் வெளுத்திருந்தன. தோணியில் மஞ்சளை ஏற்றியவர்களுக்கும் இக்கல்லை ஏற்றியவர்களுக்கும் அதிக வித்தியாசம் இல்லை என்று எனக்குப் பட்டது.

இந்த மடத்தார் திருக்குறளை ஆங்கிலத்தில் பெயர்த்து வெளியிட்டிருக்கிறார்கள். அதற்கு இட்ட தலைப்பு ‘நெசவாளரின் ஞானம்’ என்று பொருள்படும். வள்ளுவர் நெய்து பிழைத்தவர் என்பது நம் கர்ணபரம்பரை. தறிச்சத்தம் ஓயாத கருமத்தம்பட்டியில் பிறந்து வளர்ந்தும் குறளுக்கு அப்படியொரு பெயர் வைக்கலாம் என்று எனக்கு ஒருநாளும் தோன்றாமற்போனதில் எனக்குக் கொஞ்சம் வெட்கமே.

புறப்படும் நாளன்று விமான நிலையத்தில், கனி, செடி, மண் முதலியவற்றைப் பரிசோதனைக்குக் காட்டவேண்டும் என்ற பலகையைக் கண்டதும் மனைவியின் நடை தளர்ந்தது. கைப்பைக்குள்ளிருந்து கைக்குட்டை முடிச்சொன்று வெளிவந்தது; உள்ளே, முளை கண்ட மஞ்சள் விரலி ஒன்று.

“கெணத்து மேட்டுல நட்டு வெக்கலாம்னு இருந்தனுங்க.”

வாசலுக்குத் திரும்பி, செம்பருத்திப் புதர் ஓரத்தில் மண்ணைக் கைவிரலால் கீறி அதை ஊன்றிவிட்டு, குடித்து மிஞ்சிய தண்ணீரையும் பாட்டிலோடு கவிழ்த்து ஊற்றினாள். நாங்கள் பத்தடி நகர்ந்திருக்க மாட்டோம். எங்கிருந்தோ ஒரு சேவல் வந்து, ஈரமான அந்த இடத்தைக் கிளறத் தொடங்கிற்று.

(தொடரும்)