பாறை காத்த ஆசிரியைகளின் பெயர்கள்

வெம்பக்கோட்டையில் வைப்பாற்றங்கரை மேட்டில் 2022ஆம் ஆண்டு அகழாய்வு தொடங்கியது. சங்கு வளையல்களும் கண்ணாடி மணிகளும் கிடைத்தன. ஆனால், அவற்றை அணிந்த பெண்களின் பெயர்களை வளையலும் மணியும் சொல்வதில்லை. அங்கிருந்து தெற்கே, ஒரே நாளில் போய்வரக்கூடிய தொலைவில் உள்ளது கழுகுமலை. ஏறத்தாழ 1,200 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த பெண்கள் சிலரின் நினைவை அங்குள்ள பாறை காத்து வைத்திருக்கிறது.

கழுகுமலைப் பாறையில் சமணத் தீர்த்தங்கரர்களின் உருவங்கள் வரிசை வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. அவற்றின் கீழே வட்டெழுத்தில் சிறு கல்வெட்டுகள் உள்ளன. உருவத்தைச் செய்வித்தவர் யார் என்பதை அவை கூறுகின்றன. அவர்களுள் சிலர் 'குரத்தியர்'. குரவர் என்றால் ஆசிரியர். அதன் பெண்பாலே குரத்தி. இவர்கள் கல்வி கற்பித்த சமணப் பெண் துறவிகள். மிழலூர், திருச்சாரணம் முதலிய ஊர்ப் பெயர்களால் இவர்கள் குறிக்கப்படுகின்றனர். திருச்சாரணம் என்பது இன்றைய குமரி மாவட்டத்துச் சிதறால் மலை!

பெண் துறவியர் கூட்டமாக வாழ்ந்தார்களா? ஆம். வந்தவாசிக்கு அருகிலுள்ள வேடல் கல்வெட்டு அதற்குச் சான்று. அது முதலாம் ஆதித்த சோழனின் 14ஆம் ஆட்சியாண்டைச் (ஏறத்தாழ கி.பி. 885) சேர்ந்தது. அங்கே கனகவீரக் குரத்தியாரிடம் 500 மாணவியர் இருந்தனர். அவர்களுக்கும் வேறொரு துறவியர் கூட்டத்திற்கும் பூசல் மூண்டது. அப்போது இவர்களைக் காத்து உணவளிக்க ஊரார் பொறுப்பேற்றனர்.

தேய்ந்த எழுத்தை அறிஞர்கள் எப்படிப் படிக்கிறார்கள்? முதலில் பாறையைத் தூய்மை செய்து, ஈரத்தாளை ஒட்டுவார்கள். தூரிகையால் தட்டினால் தாள் எழுத்துப் பள்ளங்களுக்குள் படியும். பிறகு மை ஒற்றுவார்கள். மேடான இடம் கறுப்பாகும். பள்ளமான எழுத்து வெள்ளையாக நிற்கும். இதுவே மைப்படி. எழுத்தின் வடிவம் காலந்தோறும் மாறுவதால், அதைக் கொண்டே காலத்தையும் கணிக்கலாம்.

நீங்களும் செய்து பாருங்கள். ஒரு நாணயத்தின் மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலைச் சாய்த்துத் தேயுங்கள். மேடான பகுதி கறுத்து, உருவம் தோன்றும். ஆனால், மலைக் கல்வெட்டில் இதைச் செய்யாதீர்கள். வெயிலும் மழையும் அதை மெல்லத்தான் தேய்க்கின்றன. ஆணியால் தன் பெயரைக் கீறுபவரோ ஒரு நிமிடத்தில் அழித்துவிடுகிறார். அங்கே ஓரெழுத்து அழிந்தால், ஓர் ஆசிரியையின் பெயரே மறைந்துபோகலாம்.