வேரோடு போகும் முடி

கண்ணிமை முடி உள்பக்கமாக மடங்கி வளர்ந்தால், இமைக்கும்போதெல்லாம் அது கருவிழியை உரசும். டிரக்கோமா என்ற கண்நோய் பரவலாக இருந்த 19ஆம் நூற்றாண்டில் இந்தத் தொல்லை பலருக்கு இருந்தது. பிடுங்கினால் சில வாரங்களில் மறுபடி முளைக்கும். உரசி உரசிப் புண்ணாகிப் பார்வையே போனவர்கள் உண்டு. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரக் கண் மருத்துவர் சார்லஸ் மிஷெல், மெல்லிய ஊசி ஒன்றை பேட்டரியோடு இணைத்து, முடி முளைக்கும் துளைக்குள் இறக்கி மின்சாரம் செலுத்திப் பார்த்தார். முடி கழன்றது, திரும்ப முளைக்கவில்லை. 1875இல் அவர் இதை மருத்துவ இதழில் எழுதினார். சில ஆண்டுகளில் அதே ஊரைச் சேர்ந்த தோல் மருத்துவர் வில்லியம் ஹார்டவே, பெண்களின் முகத்தில் வளரும் முடியை நீக்க இதே முறையைக் கையாண்டார்.

எலக்ட்ரோலிசிஸ் பிறந்த கதை இது. கருவிகள் மாறிவிட்டன, அடிப்படை மாறவில்லை. முடியை நிரந்தரமாக நீக்கும் முறை என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் ஏற்றுக்கொண்டிருப்பது இதைத்தான். விளம்பரங்களில் நாள்தோறும் பார்க்கும் லேசருக்கு அந்த நிர்வாகம் தந்திருக்கும் இடம் ஒரு படி கீழே: முடியின் அளவை நிரந்தரமாகக் குறைக்கும் முறை என்று மட்டுமே சொல்லலாம். அழகு நிலையத்தில் பணம் கட்டுவதற்கு முன் இந்த வித்தியாசத்தைத் தெரிந்துகொள்வது நல்லது.

இதற்குள் நடக்கும் வேதியியல் தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. தூத்துக்குடி மாவட்டம் சாகுபுரத்தில் உப்புக் கரைசலில் மின்சாரம் பாய்ச்சி காஸ்டிக் சோடா தயாரிக்கிறார்கள். நம் தோலின் ஈரத்திலும் உப்பும் நீரும்தானே இருக்கின்றன? எதிர்மின்முனையான ஊசியைச் சுற்றி மயிர்க்காலுக்குள் துளியிலும் துளியாக அதே காஸ்டிக் சோடா உருவாகிறது. அந்தக் காரம் முடியை வளர்க்கும் திசுக்களைக் கரைத்துவிடுகிறது. சுற்று முழுமையடைய, சிகிச்சை பெறுபவர் நேர்மின்முனையைக் கையில் பிடித்திருப்பார். முனைகளை மாற்றி இணைத்துவிட்டால் எஃகு ஊசியிலிருந்து இரும்பு தோலுக்குள் படிந்து, பச்சை குத்தியது போலக் கரும்புள்ளிகள் நிலைத்துவிடும். அதனால் எந்த முனை எங்கே என்பதில் பயிற்சி பெற்றவர்கள் மிகக் கவனமாக இருப்பார்கள்.

செய்முறையை அருகிலிருந்து பார்த்தால் அதன் நுணுக்கம் புரியும். பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடி வழியே நிபுணர் ஒரு முடியைத் தேர்ந்தெடுக்கிறார். அது எந்தச் சாய்வில் வெளியே வருகிறதோ, அதே சாய்வில் ஊசி உள்ளே இறங்க வேண்டும். ஊசியின் தடிமன் பெரும்பாலும் 0.05 முதல் 0.15 மில்லிமீட்டர் வரைதான். தோலைக் குத்துவதில்லை, முடி வரும் வழியிலேயே நுழைகிறது. சரியாக இறங்கினால் ரத்தம் வராது. மின்சாரம் பாயும்போது சுருக்கென்று ஒரு வலி, அல்லது சூடு. சில நொடிகள் கழித்து இடுக்கியால் முடியைத் தொட்டுத் தூக்கினால் எதிர்ப்பே இல்லாமல் வழுக்கிக்கொண்டு வருகிறது. அடியில் ஈரமான, பளபளப்பான உறை ஒட்டியிருக்கிறது. இழுக்கும்போது பிடித்துக்கொண்டால் வேலை முடியவில்லை என்று பொருள். வெறுமனே பிடுங்கும்போதோ த்ரெட்டிங், வாக்சிங் செய்யும்போதோ முடிதான் வருகிறது. அதை மறுபடி உருவாக்கும் செல்கள் உள்ளேயே தங்கிவிடுகின்றன.

இப்படி ஒவ்வொரு முடியாக! மேலுதட்டுக்கே பல அமர்வுகள் தேவைப்படும். அடர்ந்த தாடி என்றால் நூறு மணி நேரத்தையும் தாண்டும். ஒன்றிரண்டு ஆண்டுகளுக்கு மேலும் நீளலாம். காரணம், எல்லா மயிர்க்கால்களும் ஒரே நேரத்தில் விழித்திருப்பதில்லை. சில வளர்கின்றன, சில உதிரத் தயாராகின்றன, சில ஓய்வில் கிடக்கின்றன. வளரும் பருவத்தில் இருக்கும் முடியை அழிப்பதுதான் எளிது. இன்று நீக்கிய இடத்தில் அடுத்த மாதம் முளைப்பது பெரும்பாலும் அதுவரை உறங்கிக்கொண்டிருந்த வேறொரு முடி. இதை யாரும் முன்கூட்டியே சொல்லாததால், ‘பலிக்கவில்லை’ என்று பாதியில் விட்டுவிடுகிறவர்கள் உண்டு.

வேகத்தைக் கூட்டுவதற்கான தேடல் நூறாண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது. 1916இல் நியூயார்க்கில் பால் க்ரீ ஒரே நேரத்தில் பல ஊசிகளைப் பயன்படுத்தும் முறையைக் கொண்டுவந்தார். 1920களில் பிரான்சின் லியோன் நகரில் ஹென்றி போர்டியே, உயர் அதிர்வெண் மின்னோட்டத்தின் வெப்பத்தால் மயிர்க்காலைப் பொசுக்கும் தெர்மோலிசிஸ் முறையை உருவாக்கினார். காரத்தையும் வெப்பத்தையும் சேர்த்த ‘பிளெண்ட்’ முறைக்கு, ஹென்றி செயின்ட் பியர், ஆர்தர் ஹிங்கெல் இருவரும் 1948இல் காப்புரிமை பெற்றனர். ஹிங்கெல் பொறியாளர்; உருவாகும் காரத்துக்கு ஓர் அலகையே வகுத்தார். மில்லிஆம்பியரில் பத்தில் ஒரு பங்கு மின்சாரம் ஒரு நொடி பாய்ந்தால் ஓர் அலகு. மெல்லிய முடிக்குக் குறைவான அலகு போதும். ஆழமான தாடி முடிக்குப் பல மடங்கு வேண்டும்.

ஆனால் குறுக்குவழி தேடியவர்கள் கொடுத்த விலை பயங்கரமானது. எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்பட்ட மறு ஆண்டே, 1896இல், வியன்னாவின் லியோபோல்டு ஃபிராய்ண்ட் ஒரு சிறுமியின் முதுகில் இருந்த ரோம மச்சத்தை அந்தக் கதிர்களால் நீக்க முயன்றார். 1920களில் அமெரிக்காவில் ‘டிரைக்கோ’ என்ற பெயரில், முகத்தில் எக்ஸ்ரே காட்டி முடி நீக்கும் நிலையங்கள் பெருகின. வலி இல்லை, ஊசி இல்லை என்று பெண்கள் திரண்டார்கள். பின்னாளில் அவர்களில் பலருக்குத் தோல் சுருங்கிப் புண்ணானது. சிலருக்குப் புற்றுநோய் வந்தது. அதையொட்டி விற்பனைக்கு வந்த ‘கொரெம்லு’ என்ற கிரீமில் இருந்தது தாலியம், எலிகளைக் கொல்லப் பயன்பட்ட நஞ்சு. பூசியவர்களின் நரம்புகளே பாதிக்கப்பட்டன.

லேசரை இவற்றோடு சேர்க்கக் கூடாது. தகுந்தவர் கையில் அது பாதுகாப்பானது, வேகமானது. ஆனால் அது முடியின் கறுப்பு நிறமியைத் தேடிச் சுடுகிறது. நரைத்த முடியிலும் பூனைமுடியிலும் சுடுவதற்கு நிறமி போதாது. மாநிறத்தவருக்கும் கறுப்பு நிறத்தவருக்கும் தோலிலேயே நிறமி நிறைய இருப்பதால், தவறான லேசரைத் தேர்ந்தெடுத்தால் தோல் பொசுங்கித் தழும்பாகும். எலக்ட்ரோலிசிஸுக்கு நிறம் ஒரு பொருட்டே இல்லை. மாதவிடாய் நின்ற பிறகு முகவாயில் நாலைந்து வெள்ளை முடி முளைத்து, தினமும் கண்ணாடி முன் இடுக்கியோடு நிற்கும் பெண்ணிடம் லேசர் பேக்கேஜ் விற்பது நியாயமே அல்ல. அவருக்குத் தேவை இந்த ஊசிதான்.

ஊசிக்கு முன் மருத்துவர். இளம்பெண்களின் முகத்தில் தடித்த முடி வளர்வதற்கு முக்கியக் காரணம் பிசிஓஎஸ் என்ற, சினைப்பை சார்ந்த ஹார்மோன் கோளாறு. குழந்தை பெறும் வயதிலுள்ள பெண்களில் 6 முதல் 13 சதவீதம் பேருக்கு இது இருக்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஹார்மோன் சீராகாவிட்டாலும் அழித்த முடி வராது. ஆனால் பக்கத்திலுள்ள பூனைமுடி தடிக்கத் தொடங்கும். குரல் திடீரெனக் கட்டையாகி முடியும் வேகமாக வளர்ந்தால், சினைப்பையிலோ அட்ரினல் சுரப்பியிலோ கட்டி இருக்கிறதா என்று உடனே பார்க்க வேண்டும்.

திருநங்கைகளுக்கு முகத்தில் வளரும் முடி இன்னும் பெரிய விஷயம். ஈஸ்ட்ரோஜன் எடுத்தால் உடல் முடி மெலியும், தாடி போகாது. 2008இலேயே திருநங்கைகளுக்கு நல வாரியம் அமைத்த மாநிலம் தமிழ்நாடு. இருந்தும் அறுவை சிகிச்சையைப் பற்றிப் பேசும் அளவுக்குத் தாடியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. தெருவில் அவர்கள் மீது விழும் முதல் பார்வை அங்கேதான் நிற்கிறது.

கலிபோர்னியா, புளோரிடா போன்ற அமெரிக்க மாநிலங்களில் இந்த வேலைக்குத் தனி உரிமம் வேண்டும். நம் ஊரில் எலக்ட்ரோலிசிஸ் செய்பவரைத் தேடித்தான் போக வேண்டியிருக்கிறது. தோல் மருத்துவரிடம் கேட்டுப் போவது பாதுகாப்பு. கிருமி நீக்கிய புது ஊசியை நம் கண்முன்னே உறை பிரித்து எடுக்கிறாரா என்று பார்க்க வேண்டும். ஊசி வழியே ஹெபடைடிஸ் பரவக்கூடும். பேஸ்மேக்கர் வைத்தவர்கள், தழும்பு தடித்து வளரும் தோல் உள்ளவர்கள், கர்ப்பிணிகள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். மச்சத்தில் வளரும் முடி என்றால் முதலில் மச்சத்தைப் பரிசோதிக்க வேண்டும். அமர்வுக்கு முந்தைய வாரங்களில் முடியைப் பிடுங்கவே கூடாது. ஊசிக்கு வழிகாட்ட முடி வெளியே தெரிய வேண்டும். அமர்வுக்குப் பிறகு சிவப்பும் சிறு பொருக்கும் சில நாள் இருக்கும். கிள்ளாமல், வெயில் படாமல் பார்த்துக்கொண்டால் அதுவாகவே உதிர்ந்துவிடும்.