புள்ளியும் கோடும்

சென்ற ஆனி மாதம் குற்றாலத்துச் சாரலை அனுபவிக்கப் போன நாம், தென்காசிக்கு அருகிலுள்ள இலத்தூரில் ஒரு நண்பர் வீட்டில் இரண்டு நாள் தங்கினோம். மறுநாள் பொழுது புலர்ந்ததும் வாசலுக்கு வந்தால், மேற்கே மலை தெரியாதபடி மேகம் மூடியிருந்தது. நண்பரின் தாயார் தெளித்துப் பெருக்கிய தரையில் சிக்குக் கோலம் போட்டுக்கொண்டிருந்தார். திண்ணையில் அவருடைய பேத்தி, எட்டாம் வகுப்பு படிக்கும் பெண், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

விசாரித்ததில் விஷயம் வெளிவந்தது. பள்ளிக்கூடத்தில் க்ஷேத்திர கணிதப் பாடம் நடந்ததாம். நீளமும் அகலமும் இல்லாதது புள்ளி என்றும், புள்ளிகள் பல சேர்ந்தது கோடு என்றும் உபாத்தியாயர் சொல்லியிருக்கிறார். இவள் எழுந்து, "நீளமே இல்லாத புள்ளிகளை எத்தனை சேர்த்தாலும் நீளம் எப்படி வரும், சார்?" என்று கேட்டாளாம். "பரீட்சைக்கு இருக்கிறதை எழுது, போதும், உட்கார்!" என்று பதில் வந்ததாம். வகுப்பு முழுவதும் சிரித்ததாம். அன்று முதல் அந்த வகுப்பில் அவள் வாய் திறப்பதேயில்லை.

"எனக்குக் கணக்கு வராது, மாமா" என்றாள் நம்மிடம்.

நமக்குத் தூக்கிவாரிப் போட்டது. கணக்கு வராத பெண் கேட்கக்கூடிய கேள்வியா இது? கிரேக்க தேசத்து அரிஸ்டாட்டில் இன்றைக்குச் சுமார் 2,300 ஆண்டுகளுக்கு முன் இதே கேள்வியை எடுத்துக்கொண்டு, பகுக்க முடியாத புள்ளிகளை அடுக்கிக் கோட்டை உண்டாக்க முடியாது என்று வாதித்தார். அப்பேர்ப்பட்ட கேள்விக்கு உரிய மரியாதையை நாமாவது செய்வோம் என்று, கோலத்தின் அருகிலேயே அவளை உட்கார வைத்தோம்.

முதலில் புள்ளியை எடுத்துக்கொள்வோம். ஆச்சி இரண்டு விரலால் கிள்ளி வைக்கும் கோலப் புள்ளிக்கு நீளம் உண்டு, அகலம் உண்டு. எறும்பு வந்து அதில் பாதியைத் தின்றுவிடக்கூடும். க்ஷேத்திர கணிதத்தின் புள்ளி அது அல்ல. 'இந்த இடம்' என்று சுட்டுவது மட்டுமே அதன் வேலை. கி.மு. 300-ஐ ஒட்டி அலெக்ஸாந்திரியாவில் வாழ்ந்த யூக்ளிட், தம்முடைய நூலைத் தொடங்கும்போதே, பாகம் இல்லாதது புள்ளி என்றும், அகலமற்ற நீளம் கோடு என்றும் வகுத்தார். ஆனால் புள்ளிகளைச் சேர்த்தால் கோடு வரும் என்று அங்கே அவர் சொல்லவில்லை. கோட்டின் முனைகள் புள்ளிகள் என்றுதான் சொன்னார்.

அகலமில்லாத கோடு என்று ஒன்று உண்டா என்று சிலர் கேட்கலாம். இலத்தூரைச் சுற்றியுள்ள வயல்காரர்களைக் கேட்டால் தெரியும். இரண்டு வயலுக்கு நடுவே வரப்பு இருக்கிறது. அதன்மேல் ஆள் நடக்கலாம்; அதற்கு அகலம் உண்டு. ஆனால் எல்லைக்கு அகலம் உண்டா? ஒரு சாண் அகலம் என்று வைத்துக்கொண்டால், அந்த ஒரு சாண் நிலம் யாருடையது? அந்தக் கேள்வி எழுந்த மறுகணமே அண்ணனும் தம்பியும் கச்சேரிப் படி ஏறிவிடுவார்கள். ஆகையால் எல்லை என்பது அகலமே இல்லாத கோடாக இருந்தால்தான் ஊரில் சமாதானம் நிலைக்கும். அந்தக் கோட்டின் முனையைக் காட்டுவதற்காகத்தான் சர்வே கல் நடுகிறார்கள். கல் பருமனானது, அது குறிக்கும் இடமோ புள்ளி.

இனிக் குழந்தையின் கேள்விக்கு வருவோம். மணிகளைக் கோத்து மாலையாக்குவது போல் புள்ளிகளைக் கோத்துக் கோடாக்க முடியாது. மாலையில் ஒரு மணிக்குப் பக்கத்து மணி உண்டு. கோட்டில் ஒரு புள்ளிக்குப் பக்கத்துப் புள்ளி கிடையாது! எவ்வளவு நெருக்கமாக இரண்டு புள்ளிகளைக் காட்டினாலும், அவற்றுக்கு நடுவே இன்னொரு புள்ளி இருக்கும். அதற்கும் முந்தியதற்கும் நடுவே மற்றொன்று. இதற்கு முடிவே இல்லை.

ஜெர்மனியில் காண்டர் என்ற கணித மேதை 1874-ல் இன்னும் ஒரு படி மேலே போனார். ஒரு கோட்டிலுள்ள புள்ளிகளை ஒன்று, இரண்டு, மூன்று என்று முடிவில்லாமல் வரிசைப்படுத்திக்கொண்டே போனாலும், அந்த வரிசையில் அகப்படாத புள்ளிகள் இருந்தே தீரும் என்று நிரூபித்தார். ஒரு சாண் கோட்டில் எத்தனை புள்ளிகளோ, இலத்தூரிலிருந்து தென்காசி வரையில் இழுத்த கோட்டிலும் அத்தனையே என்பதும் அவருடைய கணிதத்தில் அடங்கியது. அப்படியானால் நீளம் எங்கிருந்து வருகிறது? புள்ளிகளின் தொகையிலிருந்து அல்ல. ஒரு புள்ளிக்கும் மற்றொரு புள்ளிக்கும் இடையேயுள்ள தூரத்திலிருந்து வருகிறது. தனிப் புள்ளிக்குத் தூரம் ஏது? இரண்டு புள்ளிகள் இருந்தால்தான் தூரம் என்ற பேச்சே பிறக்கும். கோடு புள்ளிகளின் கூட்டம் என்று பாடப் புத்தகம் சொல்வது பிழையல்ல. அதை மணிமாலையாக நினைத்துக்கொள்வதுதான் பிழை.

இவ்வளவையும் கேட்டுக்கொண்டே கோலத்தை முடித்த ஆச்சி, "புள்ளி வைக்கிறது ஒரு வேலை, கோடு இழுக்கிறது வேற வேலையில்லா? இதுக்கா இந்தப் பிள்ளையை ஏசினாங்க?" என்றார். அந்த வார்த்தைக்குள் எவ்வளவு கணிதம் அடங்கியிருக்கிறது என்பதை நேயர்கள் தங்கள் வீட்டு வாசலிலேயே சோதித்துப் பார்க்கலாம்.

பன்னிரண்டு புள்ளிகளை மூன்று வரிசையாக, வரிசைக்கு நாலு வீதம், நேர்ப்புள்ளியாக வையுங்கள். அடுத்தடுத்த எந்த இரண்டு புள்ளிகளுக்கு நடுவிலும் கோடுகள் ஒன்றையொன்று குறுக்கிட்டுச் செல்லவேண்டும். ஓரங்களில் மட்டும் வளைந்து திரும்பவேண்டும். புள்ளியைக் கோடு தொடக்கூடாது. தொடங்கிய இடத்துக்கே வந்து சேரும்போது, கையெடுக்காமல் ஒரே கோட்டில் கோலம் முடிந்திருக்கும். இப்போது அதே பன்னிரண்டு புள்ளிகளை இரண்டு வரிசையாக, வரிசைக்கு ஆறு வீதம் வைத்துப் பாருங்கள். ஒரு கோட்டில் முடியாது. இரண்டு கோடுகள் வேண்டும். ஐந்து வரிசையில் ஐந்தைந்து வைத்தாலோ ஐந்து கோடுகள். வரிசைகளின் எண்ணிக்கையையும் வரிசையிலுள்ள புள்ளிகளின் எண்ணிக்கையையும் மீதியின்றி வகுக்கும் மிகப் பெரிய எண் எதுவோ, அத்தனை கோடுகள் என்பது விதி. புள்ளிகளின் தொகை ஒன்றே. கோடுகளின் தொகை வேறு. புள்ளி இடத்தைச் சொல்லும். எந்தப் புள்ளிக்கு எது அயல் என்ற உறவைக் கண்டே கோடு நடக்கும்.

கோலம் பெண்டிர் பொழுதுபோக்கு என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் ஆராய்ச்சி செய்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிரிதிவாசன் ஆகிய மூவரும் கோலங்களுக்கு இலக்கணம் வகுத்து, 1974-ல் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டார்கள். கம்ப்யூட்டர் சித்திரங்களைப் பற்றிய சர்வதேசப் பத்திரிகையில் அது வெளிவந்தது. ஆச்சிகள் விரல் நுனியில் வைத்திருந்த வித்தை உலகத்தின் சபைக்கு ஏறியது.

நாம் பேசி முடிப்பதற்குள் மலையிலிருந்து சாரல் இறங்கிவிட்டது. கண்ணெதிரே கோலப்பொடி கரைந்து, புள்ளி எது, கோடு எது என்று தெரியாமல் ஒன்றாய்க் கலந்தது. "ஐயோ, எல்லாம் போச்சே!" என்றோம் நாம். பேத்தி சிரித்தாள். "மாவுதான் போச்சு, மாமா. நீளம் அகலம் இல்லாத புள்ளி எப்படி நனையும்?"

பரீட்சையில் இந்தப் பதிலுக்கு எத்தனை மார்க் கிடைக்குமோ தெரியாது. நம் கையில் இருந்தால் நூற்றுக்கு நூறு போட்டிருப்போம். நேயர்கள் வீட்டிலும் இத்தகைய கேள்வி கேட்கும் குழந்தை இருக்கக்கூடும். பதில் தெரியாவிட்டாலும் பாதகமில்லை. "உட்கார்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.